வெள்ளத்தைத் தடுப்பது யார் வேலை?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீனோ, பூவோ, காய்கறியோ, கியூஆர் அட்டையைக் காட்டிக் காசு வாங்குவது இன்று சாதாரணம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, யுபிஐ நாடெங்கும் பல மணி நேரம் தடுமாறியது. யாரும் தாக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கிகள் அனுப்பும் ‘செக் டிரான்சாக்‌ஷன்’ கேள்விகள் அளவுமீறிக் குவிந்ததே காரணம் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்தது. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியெல்லாம் சில வங்கிகள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன.

தீர்வு, கேட்கும் வங்கிகளின் பக்கம்தான் இருந்தது. முதல் கேள்விக்கு முன் 90 விநாடி பொறுக்க வேண்டும் என்று என்பிசிஐ அப்போது உத்தரவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு 50 முறைதான் இருப்புத்தொகை பார்க்கலாம் என்ற வரம்பும் வந்தது.

இதே நெரிசலை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் சேவை மறுப்புத் தாக்குதல். ஆயிரக்கணக்கான கணினிகளையும் கேமராக்களையும் ரகசியமாகக் கைப்பற்றி, எல்லாவற்றையும் ஒரே முகவரியை நோக்கி ஏவுகிறார்கள். தெருவே அடைபட்ட பிறகு கடை வாசலில் காவலாளியை நிறுத்திப் பயன் என்ன? இணைப்பு நிரம்பிவிட்டால் பாதிக்கப்பட்டவர் தனியாக எதுவும் செய்ய முடியாது. அவருக்கு இணைப்பு தரும் நிறுவனமும், அதற்கும் மேலே உள்ளவர்களும் கைகொடுத்தால்தான் உண்டு. 2016 ஜூலையில் மும்பையில் இணைய இணைப்பு நிறுவனங்களே இப்படித் தாக்கப்பட்டு, காவல்துறை வழக்குப் பதிய நேர்ந்தது.

போட்டியாளர்கள் கைகோத்த நிகழ்வும் உண்டு. 2023 ஆகஸ்டில் புதுவகைத் தாக்குதல் ஒன்று கிளம்பியது. கூகுள் மீது விநாடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வரை பாய்ந்தன. கூகுள், அமேசான், கிளவுட்ஃபிளேர் மூன்றும் தாங்கள் கண்டதைப் பகிர்ந்துகொண்டு, அக்டோபர் 10 அன்று ஒரே நாளில் குறைபாட்டை உலகுக்கு அறிவித்தன.

ஆனால் பழைய ஓட்டை ஒன்று இன்னும் முழுதாக அடைபடவில்லை. அனுப்புநர் முகவரியைப் போலியாக இட்டுக் கிளம்பும் தரவை, அது புறப்படும் வலையமைப்பே வெளியே விடாமல் நிறுத்த வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2000 மே மாதமே வந்துவிட்டது. செலவு செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர் என்பதால் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். உறுப்பு வங்கிகளுக்கு உத்தரவிட என்பிசிஐ இருந்தது. உலக இணையத்துக்கு அப்படி ஒரு தலைமை இல்லை. எனவே அந்தந்த நாடு தன் எல்லைக்குள் இந்தத் தடுப்பைக் கட்டாயமாக்குவதே நியாயம்.

இந்தியாவில் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, கைப்பற்றப்பட்ட கருவிகளைக் கண்டறிந்து, இணைப்பு நிறுவனங்கள் வழியாக உரியவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. சுத்தம் செய்யும் மென்பொருளை இலவசமாகத் தருகிறது. நம் பங்கும் உண்டு: கடையில் மாட்டிய சிசிடிவி கேமராவின் கடவுச்சொல், வாங்கியபோது இருந்ததே இன்னும் இருந்தால் இன்றே மாற்றுங்கள். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் முடக்கிய, ‘மிராய்’ என்ற தீநிரல் கைப்பற்றிய கருவிப் படையில் இருந்தவை பெரும்பாலும் அத்தகைய கேமராக்களும் ரூட்டர்களும்தான்.