ஒன்பது நாள் தாமதமாக ஆறிய காயம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் 26 பெண்களின் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய காயம் ஒன்றை ஏற்படுத்தி, அது ஆறும் நாள்களைக் கணக்கிட்டார்கள். அவர்களில் 13 பேர் மறதிநோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பராமரித்து வந்தவர்கள். மற்ற 13 பேருக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே வருமானம்; ஆனால் அப்படியொரு பொறுப்பு கிடையாது. பொறுப்பு இல்லாதவர்களின் காயம் சராசரியாக 39 நாள்களில் ஆறியது. பராமரிப்பவர்களுக்கோ மேலும் ஒன்பது நாள்கள் பிடித்தன. 1995-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த ஆய்வு, முதியவரைப் பார்த்துக்கொள்பவரின் களைப்பு மனத்தோடு நிற்பதில்லை, உடலிலும் இறங்குகிறது என்று காட்டியது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நெருக்கடி வரும்போது உடல் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. நெருக்கடி தீர்ந்ததும் அதன் அளவு இறங்க வேண்டும். இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்லி, ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்கு நெருக்கடி தீர்வதே இல்லை. காயத்தை ஆற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகள் இதனால் மந்தமாகின்றன.

இதே குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இதய நோய், நீரிழிவு ஆகியவற்றோடு தொடர்புடைய இன்டர்லூகின்-6 என்னும் அழற்சிப் புரதம், மறதிநோய் வந்த கணவனையோ மனைவியையோ பராமரிப்பவர்களிடம் மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாக உயர்ந்திருந்தது. துணை இறந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் இந்த நிலை நீடித்தது.

ஆனாலும், பராமரிப்பவர் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. ரிச்சர்ட் ஷூல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பராமரிப்பதோடு அதன் அழுத்தத்தையும் உணர்ந்த முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே பணியைச் செய்தும் அழுத்தம் உணராதவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது அழுத்தத்தை.

கூடிப் பேசினால் குறையுமா?

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மேரி மிட்டல்மேன் இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தார். அல்சைமர் நோயாளிகளின் துணைவர்கள் 406 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உதவி. மறு பிரிவினருக்கு அவர்களோடும் குடும்பத்தாரோடும் சேர்த்து ஆறு அமர்வு ஆலோசனை, அதன்பின் ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசியில் பேச ஒருவர். இரண்டாம் பிரிவினர் தம் துணையை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதைச் சராசரியாக ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட முடிந்தது. மனச்சோர்வின் அறிகுறிகளும் அவர்களிடம் குறைந்தன. குழு மட்டும் தனியாக இதைச் சாதிக்கவில்லை. ஆலோசனையும் குடும்பத்தின் பங்கும் சேர்ந்ததால்தான் இந்தப் பலன்.

குழுவில் கிடைப்பது ஆறுதல் மட்டுமல்ல. பொழுது சாயும் நேரத்தில், சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு “வீட்டுக்குப் போகணும்” என்று அழும் அப்பாவிடம் வாதாடாமல் பேச்சை எப்படித் திருப்புவது, குளிக்க மறுக்கும் மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது, படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்பதையெல்லாம் அதைச் செய்து பார்த்தவர்தான் சொல்லித்தர முடியும். உறவினர்கள் தொலைபேசியில் “அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்பார்கள். “நீ எப்படிம்மா இருக்கே?” என்று கேட்பவர்கள் குழுவில்தான் இருக்கிறார்கள். பெற்றவரைப் பார்ப்பதைப் பாரம் என்று சொல்வதே பாவம் என அஞ்சும் நம் ஊரில், மனைவிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் அந்தக் கேள்வி மிகவும் அவசியம்.

எங்கே தேடுவது?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவர்களின் குடும்பங்களுக்காக 1992-ல் கேரளத்தில் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதிநோய்க்கான சேவைகளை வழங்குகிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. பராமரிப்பவருக்கே மனம் தாளாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பக்கவாதம், புற்றுநோய், பார்க்கின்சன் என்றால், சிகிச்சை பெறும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ வலிநிவாரணப் பிரிவிலோ கேளுங்கள்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். அதே நோயைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா? பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துகிறாரா? அங்கே பேசுவது வெளியே போகாதா? மருந்தோ எண்ணெயோ விற்க முயன்றால் விலகிவிடுங்கள். வாட்ஸ்அப் குழு என்றால், அங்கே சொல்லப்படும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். முதல் நாள் பேச்சு வராவிட்டால் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

பக்கத்தில் குழுவே இல்லையா? அதே மருத்துவரிடம் வரும் நான்கு குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடினால் அதுவே தொடக்கம். பலரும் வராமல் போவதற்குக் காரணம், அந்த இரண்டு மணி நேரம் முதியவரோடு இருக்க ஆள் இல்லாததுதான். எனவே வெளியூரில் இருக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கு ஒரு வேண்டுகோள்: பணம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் வந்து அம்மாவோடு இருங்கள்; வர முடியாவிட்டால், அந்த நேரத்துக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பார்த்துக்கொள்பவரை அந்தக் கூட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். அவர் நலமாக இருந்தால்தான் அம்மாவும் நலமாக இருப்பார்.