பாட்டி ஏறும் கல்லின் உயரம் என்ன?
பேரனின் ஸ்கேல் பதில் சொல்லும்!

ஆடி மாதம் வந்துவிட்டால் சங்கரன்கோவில் தெருவெல்லாம் ஜனங்கள்தான்!

சிவனும் விஷ்ணுவும் ஒருவரே என்பதைக் காண கோமதி அம்மன் தவம் இருந்த ஊர் அது. இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்ததை நினைத்து நடப்பதுதான் ஆடித்தபசு விழா. பஸ்ஸிலும் வேனிலும் பக்தர்கள் வருகிறார்கள். கால்நடையாக வருகிறவர்களும் உண்டு.

கொடி ஏறியதும் "ஆடிச்சுற்று" தொடங்கிவிடும். பக்தர்கள் நேர்ந்துகொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். 108 முறை சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்கள் இருப்பார்கள். கைக்குழந்தைக்காரிகளும் இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயது எழுபது. முழங்காலில் வலி. ஒரு கையில் தேங்காய் பழப் பை. மறு கையில் பேரன்.

சுற்று முடிந்து, இருவரும் பஸ் ஏறப் போகிறார்கள். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்கிறது! பாட்டி சாலையை விட்டு நடைபாதையில் ஏற வேண்டும். காலைத் தூக்குகிறாள்.

ஏற முடிந்தால் நல்லது. ஏற முடியாவிட்டால்?

பாட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கல்தான். அந்தக் கல்லின் உயரம் சரியாக இருக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து. குறைந்தாலும் ஆபத்து!

அது என்ன கல்?

தார்ச்சாலை முடிந்து நடைபாதை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். வரிசையாகக் காங்கிரீட் கற்கள் பதித்திருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசியிருப்பதும் உண்டு.

அதுதான் ஓரக்கல். என்ஜினீயர்கள் "கெர்ப்" என்பார்கள். வேலை செய்கிற கொத்தனார் "கெர்ப் கல்" என்பார்.

பார்ப்பதற்கு அற்பமான கல். ஆனால் அதற்கு மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, காவல். வண்டி தடம் மாறி ஓரத்துக்கு வந்தால், சக்கரம் இந்தக் கல்லில் முட்டும். டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது வேலை, மழைத்தண்ணீரை நடத்திச் செல்வது. சாலையின் நடுப்பகுதி மேடாகவும், ஓரங்கள் சரிவாகவும் இருக்கும். 50 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் இந்தச் சரிவு அமைகிறது. நடுவில் விழுந்த மழை ஓரத்துக்கு ஓடி வரும். ஓரக்கல் அதைத் தடுத்து, கல்லை ஒட்டியே ஓடவிட்டு, சாக்கடையில் சேர்க்கும்.

மூன்றாவது வேலை, சாலையின் விளிம்பைக் காப்பது. ஓரத்தில் பிடிப்பு இல்லாத தார்ச்சாலை, பிய்த்த அப்பளம் போல ஓரத்திலிருந்தே உடைய ஆரம்பிக்கும்.

உயரம் எவ்வளவு?

நம் நாட்டில் சாலைகளுக்கு இலக்கணம் வகுக்கும் சபை ஒன்று உண்டு. அதன் பெயர் இந்திய சாலை காங்கிரஸ். பெயரைப் பார்த்து அரசியல் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அது என்ஜினீயர்களின் சபை. 1934-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

ஓரக்கல்லில் பல உயரங்கள் உண்டு.

அவசரத்தில் வண்டி ஏறி இறங்க வேண்டிய இடத்தில் 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர். வண்டி ஏறவே கூடாத இடத்தில் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர்.

ஆனால் மனிதர்கள் ஏறி இறங்கும் நடைபாதைக்கு என்ன உயரம்?

2012-ம் ஆண்டில் இந்திய சாலை காங்கிரஸ் வெளியிட்ட பாதசாரிகளுக்கான வழிகாட்டி அதைச் சொல்கிறது. சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது, 6 அங்குலம்தான் உச்சம்!

ஏன் 6 அங்குலம்? வீட்டு மாடிப்படியில் ஒரு படியின் உயரம் சுமார் 6 அல்லது 7 அங்குலம். பழகிய அந்த உயரத்துக்குப் பாட்டியின் கால் எழும்பும். கைப்பிடி இல்லாத தெருவில் 10 அங்குலம், 12 அங்குலம் என்று வைத்தால் பாட்டி என்ன செய்வாள்? நடைபாதையே வேண்டாம் என்று சாலையிலேயே நடப்பாள். வண்டிகளும் அங்கேதான் ஓடுகின்றன!

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது. நடைபாதையில் தடை இல்லாமல் நடப்பதற்கு 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். அது சுமார் 6 அடி. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தாலும் ஒன்றையொன்று கடந்து போகலாம்.

கல் நிற்பது கலவையில்!

உயரம் சரியாக இருந்தால் போதுமா? போதாது. கல் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் சாலைப் பணி விதிகள், ஓரக்கல்லுக்கு "எம்-20" என்ற தரத்தில் காங்கிரீட் வேண்டும் என்கின்றன. வழக்கமாக 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்பது இதற்கான கலவை. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது.

"தண்ணீர் கூடினால் என்ன? கலவை சுலபமாக ஓடுமே!" என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் மோசம்! காங்கிரீட்டில் மிஞ்சிய தண்ணீர் பின்னால் காய்ந்துபோகும். அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாகும். கல் வலுவிழக்கும்.

எம்-20 காங்கிரீட்டைப் பரிசோதிக்கும் முறை வேடிக்கையானது. வேலை நடக்கும்போதே அதே கலவையை எடுத்து, 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்ப்பார்கள். 28 நாள் கழித்து இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். சுமார் 45 டன் பாரம் வரை அது தாங்க வேண்டும்!

ஒரு செங்கலைவிடப் பெரிய கட்டி. அதன் மேல் 45 டன்! சரியான கலவைக்கு அத்தனை பலம்.

வார்த்த பிறகு பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். ஈரச் சாக்குப் போர்த்தி, 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். வெயில் கடுமையான ஊர்களில் 10 நாள் அவசியம். வெயிலில் காயவிட்ட காங்கிரீட்டை ஆணியால் கீறினாலே மணலாக உதிரும்.

பட்டறையில் முன்னதாகவே வார்த்துக் கொண்டுவரும் ஓரக்கற்களும் உண்டு. அவற்றுக்குத் தனி இந்திய தரம் இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 5758.

கல்லைப் பதிப்பதிலும் விதி உண்டு. வெறும் மண்ணில் நிறுத்தக் கூடாது. அடியில் காங்கிரீட் படுக்கை போட வேண்டும். நூல் பிடித்து வரிசை பார்க்க வேண்டும். கோட்டிலும் மட்டத்திலும் 6 மில்லி மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அது கால் அங்குலம்தான்!

வளரும் சாலை, மறையும் கல்

புதிதாகப் பதித்தபோது 6 அங்குலம் இருந்தது. சில வருஷம் கழித்துப் பார்த்தால் 2 அங்குலம்தான் தெரிகிறது. கல் பூமிக்குள் போய்விட்டதா?

இல்லை. சாலை வளர்ந்துவிட்டது!

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது. ஒரு முறைக்கு 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போட்டால் 6 அங்குலமும் மறைந்துவிடும்!

அப்புறம் ஓரக்கல் வெறும் கோடுதான். மோட்டார் சைக்கிள் தாராளமாக நடைபாதையில் ஏறும். மழைத்தண்ணீரும் ஏறும். தெருவைவிட வீடு பள்ளத்தில் கிடந்தால், தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வரும்.

இதற்குப் பயந்து நடைபாதையை உயர்த்துகிறார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசல் படியை உயர்த்துகிறார். சாலைக்கும் வீட்டுக்கும் நடக்கும் இந்தப் போட்டியில் தோற்பவர் வீட்டுக்காரரே!

பரிகாரம் எளிது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதுச் சாலை போட வேண்டும். 2021-ம் ஆண்டு மே மாதத்தில், அப்போது தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு இதையே உத்தரவாகப் பிறப்பித்தார். பழைய மேற்பரப்பைச் சுரண்டாமல் புதுச் சாலை போடக் கூடாது என்றார்.

2,000 வருஷத்துக் கல்

ஓரக்கல் நேற்று முளைத்ததல்ல. இத்தாலியில் பாம்பெய் என்ற பழைய நகரம் இருந்தது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. பின்னால் தோண்டிப் பார்த்தபோது, தெருவின் இரு பக்கமும் உயர்ந்த நடைபாதையும் ஓரக்கல்லும் அப்படியே இருந்தன! கால் நனையாமல் தெருவைக் கடக்க, நடுவில் படிக்கற்களும் போட்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் போக இடைவெளியும் விட்டிருந்தார்கள்.

ஆனால் கல் இருந்தால், ஏற முடியாதவர்களும் இருப்பார்களே? அவர்களுக்கு வழி?

அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் 1945-ம் ஆண்டில் அந்தக் கேள்வி எழுந்தது. உலக யுத்தத்தில் காயம்பட்டவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜாக் பிஷர் என்ற வக்கீல். அவர் எடுத்த முயற்சியால், தெரு முனைகளில் ஓரக்கல்லைத் தாழ்த்திச் சரிவுப் பாதை அமைத்தார்கள்.

யாருக்காகச் செய்தார்கள்? காயம்பட்டு ஊர் திரும்பியவர்களுக்காக. பிறகு இப்படிப்பட்ட சரிவுகள் மற்ற ஊர்களிலும் வந்தன. இன்று யார் யாருக்குப் பயன்படுகின்றன? குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய்க்கு! மூட்டை தள்ளுகிறவருக்கு! முழங்கால் வலிக்காரருக்கு!

நம் நாட்டு வழிகாட்டியிலும் இது உண்டு. சரிவு 12-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். 6 அங்குலக் கல்லுக்கு 6 அடி நீளச் சரிவு. அதைவிடக் குறுக்கினால் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலி ஏறாது.

ஜனங்களின் உரிமை

நடைபாதை என்பது சலுகை அல்ல. 2025-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. நல்ல நடைபாதையில் நடப்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறியது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும் என்றும் கூறியது.

உங்கள் தெருவில் ஓரக்கல் வேலை நடக்கிறதா? என்ன கலவை, எத்தனை உயரம் என்று நீங்கள் கேட்கலாம். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன், அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டப்படி காகிதம் மட்டுமல்ல, நடக்கும் வேலையையும் பார்வையிடக் கேட்கலாம். உபயோகிக்கும் பொருளின் மாதிரியை, அத்தாட்சியுடன் கேட்டு வாங்கலாம்!

ஆனால் மனுவைச் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஊருக்குள் இருக்கும் தெரு நகரசபையுடையது. ஊர் நடுவே போனாலும், மாநில நெடுஞ்சாலை என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையது.

பேரன் அளக்கட்டும்!

மனு எழுதும் முன் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். பேரனின் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். அதன் அளவு 15 சென்டிமீட்டர். நடைபாதை ஓரக்கல்லின் உச்ச அளவும் அதுவேதான்!

வண்டி இல்லாத நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையுடன், சாலையில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்.

ஸ்கேலைவிடக் கல் உயரமா? பாட்டியால் ஏற முடியாது.

கல் பாதிகூட இல்லையா? சாலை வளர்ந்துவிட்டது.

ஸ்கேலின் உச்சியும் கல்லின் உச்சியும் ஒன்றாக நிற்கின்றனவா? வேலை செய்தவரை மனதார வாழ்த்துங்கள்.

அடுத்த ஆடித்தபசுக்குப் பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். ஹார்ன் சத்தம் கேட்கும். பாட்டி காலைத் தூக்குவாள்.

அந்தக் கால் எட்டும் உயரத்தில் கல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்!