பச்சைச் சீட்டும் சிவப்புச் சீட்டும்: கலிபோர்னியாவில் வீதிசாரா மோட்டார் சைக்கிள்களின் பதிவு பற்றிய ஒரு நோக்கு

சட்டங்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் முகவுரைகளையும் அவற்றிலே கூறப்படும் நோக்கங்களையும் கொண்டே அவற்றை மதிப்பிடுகின்றனர். அச்சட்டங்கள் சாதாரண மனிதனின் நாளாந்த வாழ்வில் எத்தகைய சிறு வடிவங்களை எடுக்கின்றன என்பது அரிதாகவே கவனத்திற்குரியதாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, ஒருவகை மோட்டார் சைக்கிள் எந்த மாதத்தில் எந்த இடத்தில் ஓடலாம் என்பதை அதன்மீது ஒட்டப்பட்டிருந்த ஒரு சீட்டின் நிறமே தீர்மானித்து வந்தது. பச்சையாயின் ஆண்டு முழுவதும் ஓடலாம். சிவப்பாயின் குறித்த பருவத்தில் மாத்திரமே ஓடலாம். இந்நிற வேறுபாடு எவ்வாறு தோன்றியது, யாருடைய நலனுக்கு உதவியது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளன் ஒருவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு குறியை, அது தோன்றிய சமூகச் சூழலில் வைத்து வாசிப்பதே எமது தொழில். இதுவும் ஒரு குறிதான்.

வீதிசாரா மோட்டார் சைக்கிள் என்று இங்கு குறிப்பிடப்படுவது பொதுவீதியில் ஓடுவதற்கென அமைக்கப்படாத, மணற்காடு, மலைத்தடம், பந்தயத்தடம் ஆகியவற்றிற்கென உற்பத்தி செய்யப்படும் வண்டியாகும். வீதியில் ஓடாத வண்டிக்குப் பதிவு எதற்கு, அதன் புகைபற்றி அரசுக்கு என்ன கவலை என்னும் வினாக்கள் இயல்பானவை. அவற்றிற்கு விடை காண லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வானத்தைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அந்நகரைக் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தபோது, போர்க்காலமாதலால், எதிரி நச்சுவாயுவைப் பிரயோகித்துவிட்டான் என்று அஞ்சியோரும் உளர். உண்மையான காரணத்தைக் கண்டறிந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் ஒல்லாந்து நாட்டில் பிறந்த இரசாயனவியலாளர். அதற்கு முன்னர் அன்னாசிப்பழத்தின் வாசனைக்குரிய பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். எரிபொருளிலிருந்து வெளியேறும் ஐதரோகாபன்களும் எரிதலின்போது உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரியவொளியில் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். எண்ணெய் நிறுவனங்கள் இம்முடிவை எளிதில் ஏற்கவில்லை. மோட்டார்க் கம்பனிகளின் நடத்தை இன்னும் வெளிப்படையானது: புகையைக் குறைக்கும் கருவிகள் பாவனைக்கு வருவதைத் தாமதிக்கக் கூட்டுச்சதி செய்தனவென 1969 இல் ஐக்கிய அமெரிக்க நீதித்துறையே அவற்றின்மீது வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு அதே ஆண்டில் இணக்கத் தீர்ப்போடு முடிந்தது.

கலிபோர்னியாவின் வளிமண்டல வளச் சபை 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது. அதன் முதற்றலைவராக அமர்ந்தவர் ஹாகன்-ஸ்மிட்டே. மத்திய அரசின் விதிகளைவிடக் கடுமையான விதிகளை இயற்றும் தனியுரிமை அம்மாநிலத்துக்கு வழங்கப்பட்டதும் அதே காலப்பகுதியிலாகும். ஒரு மாநிலம் தனித்துப் பெற்ற இவ்வுரிமை, நச்சுக்காற்றைச் சுவாசித்த மக்களின் நீண்டகால எதிர்ப்பின் விளைவு என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி வண்டிக்கு வருவோம். பழைய இரண்டடிப்பு முச்சக்கர வண்டியின் நீலப்புகைக்குப் பின்னால் நின்ற எவருக்கும் இவ்விடத்து நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. நான்கடிப்பு எஞ்சினில் உள்ளெடுத்தலும் வெளியேற்றலும் வெவ்வேறு அடிப்புகளில் நிகழ்கின்றன. இரண்டடிப்பு எஞ்சினிலோ எரிந்த வாயு வெளியேறும் வாயில் திறந்திருக்கும் வேளையிலேயே புதிய எரிபொருட் கலவை உட்புகுந்து, எரிந்த வாயுவைத் தள்ளுகின்றது. தள்ளும்போது தானும் ஓரளவு வெளியேறிவிடுகின்றது. இவ்வாறு நான்கிலொரு பங்கு வரையான எரிபொருள் எரியாமலே வெளிப்போவதுண்டு. உராய்வு நீக்குவதற்கென எரிபொருளோடு சேர்க்கப்படும் எண்ணெயும் உடன்செல்கின்றது. பாரம் குறைவு, பாகங்கள் குறைவு, விலையும் குறைவு, வலுவோ அதிகம். ஆதலால் மணலிலும் மலையிலும் ஓடும் வண்டிகளுக்கு இவ்வெஞ்சினே நெடுங்காலம் விரும்பப்பட்டது. சிறிய வண்டியெனினும் அதன் ஐதரோகாபன் வெளியேற்றம் பெரிய கார்கள் பலவற்றை விஞ்சுவதாய் இருந்தது.

கலிபோர்னியாவில் வீதிசாரா வண்டிகளுக்கான பதிவுமுறை 1971 ஆம் ஆண்டுச் சட்டமொன்றிலிருந்து தொடங்குகின்றது. புகைக்கும் அப்பதிவுக்கும் அக்காலத்தில் தொடர்பில்லை. வண்டிச் சொந்தக்காரர் கட்டணம் செலுத்திப் பச்சைச் சீட்டைப் பெறுவர். அப்பணம் அவர்கள் ஓடுவதற்கான பொதுநிலங்களைப் பராமரிக்க உதவும். 1994 இலேதான் வளிமண்டல வளச் சபை இவ்வண்டிகளுக்குப் புகை அளவுகோலை விதித்தது. 1997 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, 90 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய வண்டி கிலோமீற்றருக்கு 1.2 கிராம் ஐதரோகாபனுக்கும் 15 கிராம் காபனோரொட்சைட்டுக்கும் மேல் வெளிவிடலாகாது என்பது விதி. வழக்கமான இரண்டடிப்பு எஞ்சின் இதற்கு உட்படமாட்டாது. மத்திய அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய விதியைக் கொண்டுவருவதற்கு 2002 வரை சென்றது. அது நடைமுறைக்கு வந்தது 2006 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தாகும். அவ்விதியும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளை விலக்கிவைத்தது.

1997 வந்தபோது சான்றுபெற்ற மாதிரிகள் மிகச்சிலவே சந்தையில் இருந்தன. உற்பத்தியாளர் தமது வண்டிகளைத் திருத்தி அமைக்கவில்லை. வணிகரோ விற்பதற்குப் பொருளில்லை என முறையிட்டனர். அரசு இறங்கிவந்தது. 1998 இல் செய்யப்பட்ட திருத்தம் சான்றுபெறாத வண்டிகளையும் பதிவுசெய்ய அனுமதித்தது. ஆனால் அவற்றிற்குச் சிவப்புச் சீட்டு. ஓசோன் மிகும் கோடை மாதங்களில், மாசு அளவு வரம்பு மீறிய பிரதேசங்களில், சிவப்புச் சீட்டு வண்டி பொதுநிலத்தில் ஓடலாகாது. பருவத்தின் தொடக்கமும் முடிவும் இடத்துக்கிடம் வேறுபடும். நடைமுறையில் 2003 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தே இவ்வேறுபாடு கண்டிப்பாகக் கொள்ளப்பட்டது. 2002 உம் அதற்கு முந்தியவையும் பச்சையைப் பெற்றன. எது சிவப்பு, எது பச்சை என்பதை அறியும் வழி, வண்டியின் பதினேழு எழுத்தெண்கொண்ட அடையாள இலக்கத்தின் எட்டாம் இடத்தை நோக்குவது: அங்கே 3 என்ற எண்ணோ ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகிய ‘சி’யோ காணப்படின் அது சிவப்பு. பழைய வண்டியொன்றை வாங்குபவன் விலை பேசுமுன் குனிந்து இவ்வோர் எழுத்தைத் தேடவேண்டியிருந்தது.

இத்திருத்தத்தின் வர்க்க உள்ளடக்கம் யாது? 1994 ஆம் ஆண்டு விதி உற்பத்தியை நோக்கி விடுக்கப்பட்டது. இன்னவாறு செய்யாத பண்டத்தை விற்கலாகாது என்றது. 1998 ஆம் ஆண்டுத் திருத்தமோ அக்கட்டுப்பாட்டை நுகர்வின்மேல் ஏற்றியது. கம்பனி செய்வதைச் செய்யலாம், வணிகன் விற்பதை விற்கலாம். வாங்கியவனின் நாட்காட்டியிலேதான் சட்டம் கைவைத்தது. மேற்பார்வைக்குரியது தொழிற்சாலையன்று, மணற்காட்டில் விடுமுறை கழிக்கும் தொழிலாளியின் வண்டி. இத்தகைய இடமாற்றம் புதியதன்று. 1802 க்கும் 1833 க்கும் இடையில் ஆங்கிலப் பாராளுமன்றம் ஐந்து தொழிற்சட்டங்களை நிறைவேற்றியும், அவற்றை நடைமுறைப்படுத்தப் பணம் ஒதுக்காதிருந்ததை ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டுகிறார். சட்டம் ஏட்டில் இருக்க, உற்பத்தி முன்போல் நடக்கும். கலிபோர்னியாவின் உத்தி சற்று நயமானது: சட்டம் நடைமுறைக்கும் வந்தது, ஆனால் வேறொருவன்மேல்.

உற்பத்தியாளரால் இயலாமையே இதற்குக் காரணம் எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் ஆராயத்தக்கது. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் பந்தய வண்டிகளிலும் நான்கடிப்பு எஞ்சின் பரவலாயிற்று. அங்ஙனமாயின் சிவப்புச் சீட்டு மறைந்திருக்கவேண்டும். மறையவில்லை. ஹொண்டா கம்பனியின் சி.ஆர்.எவ். 450 வரிசையில் ‘ஆர்’ என்னும் பந்தய வண்டி சிவப்பு. அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘எக்ஸ்’ என்னும் வண்டி பச்சை. இரண்டும் நான்கடிப்பே. பச்சைக்குரிய வண்டியில் காற்றையும் விசைக்குழாயையும் கட்டுப்படுத்தும் தடைகள் பொருத்தப்பட்டிருந்தன. வாங்கியோரிற் பலர் வீட்டுக்குக் கொண்டுசென்றதும் அவற்றைக் கழற்றிவிடுவர் என்பதும் அத்துறையில் எவரும் அறிந்ததே. ஆகவே தொழினுட்பம் இருந்தது. அதனை எல்லா வண்டிகளிலும் புகுத்தக் கட்டாயம் இருக்கவில்லை. ‘பந்தயத்துக்கு மாத்திரம்’ என்ற பெயர், பயன்பாட்டுப் பெறுமதியைக் குறிக்கும் சொல்லன்று. சான்றுபெறும் செலவிலிருந்து விடுபடும் சொல். பந்தயத்தடத்தையே காணாத வண்டிகள் பல அப்பெயரோடு விற்கப்பட்டன.

இனி, பருவத்தடையின் விஞ்ஞான அடிப்படையும் உறுதியானதன்று. ஓடும்போது மாத்திரமே வண்டி மாசுபடுத்துகின்றது என்பது அத்தடையின் உட்கிடை. உண்மையில் எரிபொருள் நிரம்பிய வண்டி கொட்டிலில் சும்மா நின்றாலும், கோடை வெப்பத்தில் எரிபொருள் ஆவியாகித் தாங்கியின் மூடித்துளை வழியாகவும் பிளாத்திக்குச் சுவரையே ஊடுருவியும் வெளியேறுகின்றது. வீதிசாரா வண்டி ஆண்டின் பெரும்பகுதியைக் கொட்டிலிலேயே கழிப்பது. எனவே யூலை மாதத்தில் ஓடத்தடை செய்யப்பட்ட வண்டி, அதே யூலை மாதத்தில், நின்ற இடத்திலிருந்தே ஓசோனுக்கு வேண்டிய மூலப்பொருளை வழங்கிக்கொண்டிருந்தது. இதனை உணர்ந்த சபை 2013 இல் ஆவி வெளியேற்றத்துக்கெனத் தனி விதியை ஏற்று, 2018 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து நடைமுறைப்படுத்தியது. தாங்கியும் குழாயும் மாறவேண்டும் என்பது தொழிற்சாலைக்கு இடப்பட்ட கட்டளை. அவ்வகையில் அது 1994 இன் வழிக்குத் திரும்பிய ஒரு படி.

வீதிசாரா வண்டியை வீதிக்குரியதாக்கிப் பதிவுசெய்ய முயல்வோரின் நிலையும் இங்குக் குறிப்பிடற்பாலது. முகவிளக்கு, கண்ணாடி, ஒலிப்பான் முதலியவற்றைப் பொருத்தி வீதித்தகடு பெறும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. இப்போது விளக்குகள் எத்தனை பொருத்தினும் பயனில்லை. வீதிப் பாவனைக்கெனச் சான்றளிக்கப்பட்டது என்று உற்பத்தியாளர் ஒட்டிய புகைச் சான்றுச்சீட்டு வண்டியில் இருக்கவேண்டும். பிற மாநிலங்களில் மாத்திரம் விற்பனைக்குரியதாகச் சான்றுபெற்ற வண்டிக்கு இன்னொரு தடையும் உண்டு: கலிபோர்னியா வாசி ஒருவர் பெறும்போது அது 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால், பழைய வண்டியானாலும் சட்டம் அதனைப் ‘புதியது’ என்றே கொள்ளும், பதிவு மறுக்கப்படும். குடிபெயர்ந்து வருவோர், மரபுரிமையாகப் பெறுவோர் போன்றோருக்கு விலக்குகள் உள்ளன. ஏனையோரில் வசதி படைத்தவர்கள் மொன்டானா மாநிலத்தில் பெயரளவில் ஒரு கம்பனியைத் தாபித்து, வண்டியை அதன் சொத்தாகப் பதிவுசெய்வதுண்டு. முகவரியையும் விலைக்கு வாங்கமுடிகின்றது. வாங்க இயலாதவன் வண்டியைப் பாரவண்டியில் ஏற்றித் தடம்வரை கொண்டுசெல்கிறான்.

இவ்வண்டியோட்டிகள் தமது இயக்கங்களில் எழுப்பும் குரல் பெரும்பாலும் தனிமனித சுதந்திரத்தின் குரலாகவே உள்ளது. திறந்தவெளி, அரசின் தலையீடின்மை என்னும் பழைய எல்லைப்புறப் புராணம் இங்கும் பேசுகின்றது. அவர்கள் ஓடும் மணற்காடு பெரும்பாலும் பொதுநிலம் என்பதும், அதனைப் பராமரிப்பது தாம் வெறுக்கும் அதே அரசின் நிதி என்பதும் அக்குரலில் மறைந்துவிடுகின்றன. சூழல் இயக்கத்தினரோ வண்டியோட்டியையே எதிரியாகக் காண்பதில் திருப்தியடைந்தனர். காற்றைச் சுவாசிப்பவனும் வண்டியை ஓட்டுபவனும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த இருபது ஆண்டுகளில், சான்றுபெறாத வண்டியைச் செய்தவன் இவ்விவாதத்தில் அரிதாகவே பெயர் கூறி அழைக்கப்பட்டான். வண்டியோட்டிகள் மீது எனக்கு அனுதாபம் குறைவு. எனினும் நட்டம் அவர்களது கணக்கிலேயே எழுதப்பட்டது என்பதை மறுக்கமுடியாது.

சிவப்புச் சீட்டு முறையை முடிவுக்குக் கொண்டுவரும் திருத்தத்தைச் சபை 2019 இல் ஏற்றுக்கொண்டது. சான்றுபெறாத வண்டிகளுக்கு 2022 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து சிவப்புச் சீட்டு வழங்கப்படாது. ஏற்கனவே சிவப்பாயிருந்தவற்றின்மீதான பருவத்தடை 2025 தொடக்கத்துடன் நீங்கியது. 2024 கோடையில் தடைசெய்யப்பட்டிருந்த அதே வண்டி, ஓர் ஆணியும் மாற்றப்படாமல், 2025 கோடையில் ஓடலாயிற்று. புதிய பந்தய வண்டியோ பச்சைச் சீட்டுக்கும் சிவப்புச் சீட்டுக்கும் உரியதன்று. கடையில் அது முன்போலவே விற்பனைக்கு நிற்கின்றது. பணம் கொடுத்துக் கொண்டுசெல்பவன் அதனைப் பொதுநிலத்தில் பொழுதுபோக்காகத் தாராளமாக ஓட்டமுடியாது.