சிறைச்சாலைச் செக்கு

பழைய செக்கு ஒன்றைப் பொருட்காட்சிச் சாலையில் கண்டால், எள்ளாட்டி எண்ணெய் எடுத்த நாட்டுப்புறக் கருவி என்றெண்ணி அகன்றுவிடுவோம். உரலில் உலக்கை சுழல, எருது வட்டமாகச் சுற்றிவரும்; அதுவே அதன் இயக்கம். ஆனால், சென்னை காந்தி மண்டபத்தில் காக்கப்பட்டு வரும் செக்கின் வரலாறு வேறு. அது கோவைச் சிறையில் இருந்தது. எருதுக்குப் பதிலாக அதனை இழுத்தவர் வ. உ. சிதம்பரனார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட அப்பெருமகனாரை, 1908இல் ஆங்கில அரசு சிறைப்படுத்தியது. 1912இல்தான் அவர் விடுதலை பெற்றார். தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துறைமுகத்தைக் கண்டவர் செக்கையும் காணுதல் வேண்டும். பெயர் அவர்தம் பெருமையைக் கூறும்; செக்கோ, அப்பெருமைக்கு அவர் கொடுத்த விலையைக் கூறும்.