கணிப்பொறித் திரையிற் புள்ளிக்கோலம்

எமது ஊராகிய பாப்பாரப்பட்டியில் மார்கழி விடியலில் தெருவழிச் செல்வார், பெண்டிர் வாயிலில் முதற்கண் புள்ளிகளை இட்டுப் பின்னரே இழைகளை ஓட்டுதலைக் காண்பர். கணிப்பொறித் திரையின் ஓவியமும் ஒருவகைப் புள்ளிக்கோலமே. ஆயின் ஈண்டு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் பொறியானது தன் நினைவகத்திற் குறித்துவைத்தல் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் வீடுகட்கென விற்கப்பெற்ற பொறிகளில் அந்நினைவகம் மிகச் சிறிது. புள்ளி மிகின் நிறம் குறையும். இரண்டும் மிகின் நிரலுக்கு இடம் குறையும்.

நம் நாட்டுப் பள்ளிகளிற் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்க 1984-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற 'கிளாஸ்' திட்டம் பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறியைத் தேர்ந்தது. அத்தேர்வு தக்கதோ என்பதுபற்றி விடுதியில் எமக்கும் நண்பர் ஒருவர்க்கும் வழக்கு எழுந்தது. பழம்பொறிகளைப் போலவே நடிக்கும் நிரல்களை அவர் தம் மடிக்கணினியில் இயக்கிக் காட்டினார். இரண்டு இரவு உறக்கம் போயிற்று.

நண்பர் கட்சி, 1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64. அசைவில் அது ஏனையவற்றை வென்றதென்பதை யாம் மறுக்கவில்லை. கோலத்தின்மேற் குழந்தை நடப்பின் கோலம் அழியும். கண்ணாடித் தகட்டில் உருவை எழுதி அதனைக் கோலத்தின்மேல் நகர்த்தின் அழியாது. ஸ்பிரைட் எனப்படுவது அத்தகைய தகடு. 24-க்கு 21 புள்ளி அளவினவாய் எட்டுத் தகடுகளைக் கொமடோரின் படச்சில்லே தாங்கிற்று. அவை மோதினும் அதுவே அறிவித்தது. ஏனைப் பொறிகளிலோ, பின்னணியைச் சேமித்தலும், உருவை வரைதலும், அழித்தலும், பின்னணியை மீட்டலும் நிரல் எழுதுவோர் தலையிலே விழுந்தன.

இங்கிலாந்தின் சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும் 1982-இல் வந்ததே. அதனை உரிமம் பெற்று நிறுவனம் ஒன்று நம் நாட்டில் விற்றது. 256-க்கு 192 புள்ளிகட்கு 6,144 பைட்டும், நிறத்திற்கு வெறும் 768 பைட்டும் செலவிட்ட சிக்கனப் பொறி இது. 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம் என்பது அதன் விதி. சிவந்த வீரன் பச்சை மரத்தை அணுகின் மரத்தின் ஓரமும் சிவக்கும்! அதற்கு அஞ்சி ஆட்டக்களம் முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்தோர் பலர்.

1981-இன் இறுதியில் வந்த பி.பி.சி. மைக்ரோவில் ஸ்பிரைட் இல்லை. 640-க்கு 256 புள்ளி வேண்டின் இரு நிறமே. 160-க்கு 256 போதுமெனின் எட்டு நிறமும், இமைக்கும் நிறங்கள் எட்டும் கிட்டும். எதுவாயினும் 20 கிலோபைட் போய்விடும். பொறியில் இருந்ததோ 32. பொறி தன் பணிக்கு எடுத்ததும் போக, நிரலுக்கு எட்டரையே எஞ்சும். இவ்விடத்தில் நண்பர் நகைத்தார், அந்நகைப்பு நேரியதே.

எனினும் அப்பொறியில் ஓர் அழகிய உபாயம் உண்டு. நிறங்களின் பொருளை ஒரே கட்டளையால் மாற்றலாம். பந்தினைப் பதினைந்து இடங்களில், இடத்திற்கொரு நிற எண்ணால் வரைந்து, யாவற்றையும் கருமையாக்கி, ஒவ்வொன்றாய் வெளிப்படுத்தினால், மீண்டும் வரையாமலே பந்து ஓடும். திருவிழாப் பந்தலின் விளக்குச்சரத்தில் ஒளி ஓடுவதும் இவ்வாறன்றோ? டேவிட் பிராபன், இயான் பெல் இருவரும் 1984-இல் இயற்றிய எலைட் என்னும் ஆட்டம் இன்னும் துணிந்தது. திரையை ஒளிக்கற்றை மேலிருந்து கீழாய் வரையும்போது, பாதிவழியிற் பொறியின் முறைமையை மாற்றி, மேலே நுண்ணிய இருநிறக் கோட்டுருவங்களையும் கீழே நான்கு நிறக் கருவிப்பலகையையும் காட்டிற்று.

யாம் எமது கட்சியை நாட்டியது பிறிதொன்றால். கொமடோரின் பேசிக் மொழியிற் கோடு வரைதற்கு ஒரு சொல்லும் இல்லை. நினைவக எண்களை மனனம் செய்து அவற்றில் மதிப்புகளைத் திணித்தல் வேண்டும். நண்பர் ஒரு சாய்கோடு வரைய முற்பட்டபொழுது, முதலில் திரையின் 8,000 பைட்டுகளைத் துடைத்தற்கே நெடிது காத்திருந்தார். பி.பி.சி. பேசிக்கிலோ மூன்று கட்டளைகள் போதும். முதன்முறை விசைப்பலகையைத் தொடும் பள்ளி மாணவர்க்கு அது சிறிய வேற்றுமையன்று.

நண்பர் உடன்படவில்லை. அவருடைய எட்டு உருவங்களும் இடையறாது திரிந்துகொண்டிருந்தன. எமது திரையில் ஓடியது பந்து ஒன்றே.