பொறியாளர் நிர்வாகியாகும்போது

தொழிற்சாலையிலோ பாலப் பணியிலோ பல ஆண்டுகள் திறம்பட உழைத்த பொறியாளர் ஒரு கட்டத்தில் நிர்வாகப் பதவிக்கு உயர்த்தப்படுகிறார். ஆணை ஒரே நாளில் வந்துவிடுகிறது; அப்பதவிக்குரிய மனப்பாங்கு அவ்வளவு விரைவில் வருவதில்லை. இம்மாற்றம் செவ்வனே நிகழாவிடில் நிறுவனத்துக்கு இரட்டை இழப்பு ஏற்படுகிறது. தேர்ந்த பொறியாளர் ஒருவரை அது இழக்கிறது. அவருக்குப் பதிலாகத் தடுமாறும் நிர்வாகி ஒருவரைப் பெறுகிறது.

இரு பணிகளுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. இயந்திரமும் பாலமும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. நிர்வாகி கையாள்பவையோ ஆட்களும் காலமும் பணமும் ஆகும். விவரம் முழுமையாகக் கிட்டும் முன்னரே அவர் முடிவெடுத்தாக வேண்டியிருக்கும். பழகிய கை சும்மா இராது என்பதால், புதிய நிர்வாகி பிறர் தீட்டிய வரைபடங்களைத் தாமே திருத்த முற்படுவார். விளைவாக அவரது மேசையில் கோப்புகள் தேங்கும். இளம் பொறியாளர்களும் பொறுப்பேற்கக் கற்கமாட்டார்கள்.

இம்மாற்றத்தைச் சிறப்பாக நிறைவேற்றியவர்களுள் திரு. இ. ஸ்ரீதரன் ஒருவர். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் பெரிதும் சிதைந்தது. அதைச் சீரமைக்க ரயில்வே 6 மாத காலம் வகுத்திருந்தது. அப்போது இளம் பொறியாளராயிருந்த அவரது பொறுப்பில் 46 நாட்களில் பணி நிறைவேறியது. 1990இல் கொங்கண் ரயில்வே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். 740 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில், மலைகளைக் குடைந்தும் ஆறுகளைக் கடந்தும் செல்லும் அப்பாதை முழுவதையும் ஒருவரே நேரில் மேற்பார்வையிடுதல் இயலாது. எனவே களப் பொறியாளர்களிடம் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட வேண்டியிருந்தது. 1997 முதல் 2011 வரை அவர் தலைமை வகித்த டெல்லி மெட்ரோவில், எஞ்சியுள்ள நாட்களைக் காட்டும் பலகைகள் பணியிடங்களில் வைக்கப்பட்டன. காலக்கெடு தலைவர் மனத்தில் மட்டும் இருந்தால் போதாது. கடைநிலை ஊழியரும் அதை அறிதல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இத்திறனைப் பயிற்சியால் வளர்க்க இயலும். ஐதராபாத்தில் 1956இல் நிர்வாகப் பணியாளர் கல்லூரி நிறுவப்பட்டது. கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் 1961இல் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. ஆயினும் பதவி ஏற்ற பின் அளிக்கும் பயிற்சியைவிட, ஏற்கும் முன்னரே சிறு குழு, சிறு வரவுசெலவு, குறித்த கெடு ஆகிய பொறுப்புகளைப் படிப்படியாக ஒப்படைப்பது மிகுந்த பயன் தரும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சிறந்த பொறியாளர் அனைவரும் நிர்வாகியாக விரும்புவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. மத்திய அரசின் அறிவியல் துறைகளில், மேற்பதவி காலியாக இல்லாதபோதும் தகுதியின் அடிப்படையில் விஞ்ஞானிகளுக்குப் பதவி உயர்வு அளிக்கும் முறை உள்ளது. இதனால் ஆய்வுக்கூடத்தை விட்டு விலகாமலேயே அவர்கள் உயர முடிகிறது. இத்தகைய வழி பொறியாளர்களுக்கும் பரவலாகத் திறந்திருந்தால், நிர்வாகத்தை நாடுவோர் ஊதியத்துக்காக அன்றி விருப்பத்தால் நாடுவர். விருப்பமும் முன்பயிற்சியும் உடையோர் தலைமை ஏற்கும்போது திட்டங்கள் குறித்த காலத்தில் நிறைவேறும். மக்கள் வரிப்பணமும் வீணாகாது.