உண்ணாமல் ஏறும் சீனி

கிளினிக் நாட்களில் நம் வீடுகளில் விசாரிக்கப்படும் வழக்கு ஒன்றை வாசகர்கள் அறியாதிருக்க மாட்டார்கள். கல்முனையாயினும் சரி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆயினும் சரி, வழக்கு ஒன்றே. மூத்தம்மா சுபஹுத் தொழுகையை முடித்து, தேநீரும் அருந்தாமல், கிளினிக் கொப்பியுடன் சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். பிற்பகலில் முடிவு கிடைக்கிறது: 190. "உம்மா, இரவு அடுப்படியில் தொதல் தட்டு அசைந்த சத்தம் கேட்டதே!" என்று மகள் குற்றப்பத்திரிகையை வாசிக்கத் தொடங்குகிறாள். "இஷாவுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை, மகள்" என்கிறார் அவர். அவ்வீட்டில் வந்து வாழும் மருமகனோ, தமக்கே உரிய சமயோசிதத்துடன், பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

இவ்வழக்கில் மூத்தம்மாவின் பக்கம் நின்று வாதாட நாம் முன்வந்திருக்கிறோம். அவர் கூறியது முழு உண்மையாக இருக்கக்கூடும். உண்ணாதவரின் இரத்தத்திலும் சீனி ஏறும். அதனை ஏற்றிவிடும் கைகள் நம் உடலினுள்ளேயே இருக்கின்றன.

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் அமர்ந்துள்ளன. இவற்றை அதிரீனல் சுரப்பிகள் என்பர். ஒவ்வொன்றின் நிறையும் 4 முதல் 5 கிராம் வரைதான். தேநீர்க் கோப்பையில் நாம் இடும் ஒரு கரண்டிச் சீனியின் நிறையும் ஏறத்தாழ அதுவே. இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டாக்கி 1563இல் இவற்றை விவரித்தார். எனினும், இவை எதற்காக இருக்கின்றன என்பது மூன்று நூற்றாண்டுகள் வரை எவருக்கும் விளங்கவில்லை. 1855இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசன், இச்சுரப்பிகள் கெட்டுப்போனவர்கள் நாளுக்கு நாள் தளர்ந்து, தோல் கறுத்து, இறந்துபோவதைக் கண்டு எழுதிய பின்னரே இவற்றின் அருமை தெரியத் தொடங்கியது.

சுரப்பியின் உட்பகுதி அதிரினலினைச் சுரக்கிறது. தெருநாய் துரத்தும்போது நம் நெஞ்சு படபடப்பது அதனால்தான். ஆயின், நம் வழக்குக்கு வேண்டிய சாட்சி அதன் வெளிப்பட்டையிலிருந்து வருகிறது. கோட்டிசோல் என்னும் அந்த ஓமோன் ஈரலைச் சீனி செய்யும்படி ஏவுகிறது. அதற்கு மூலப்பொருள் வேண்டித் தசைகளின் புரதத்தை உடைக்கிறது. இன்சுலினின் சொல்லைத் தசைகள் எளிதில் கேளாதபடியும் செய்துவிடுகிறது. இவ்வளவையும் பகைமையால் செய்வதாக எண்ணிவிடலாகாது. பசியிலும் காய்ச்சலிலும் காயத்திலும் மூளைக்குச் சீனி முட்டுப்படாமல் காப்பது இதுவே.

இந்த ஓமோனுக்கு ஒரு நேர ஒழுங்கும் உண்டு. நள்ளிரவை அண்டி மிகக் குறைந்திருக்கும். இரண்டு, மூன்று மணிக்குப் பின் மெல்ல ஏறத் தொடங்கி, நாம் துயிலெழும் வேளையில் உச்சத்தை அடையும். இரவின் முற்பகுதியில் பெருகும் வளர்ச்சி ஓமோனும் இதற்குத் துணை நிற்கிறது. அதன் பங்கே பெரிது என்பாரும் உளர். சுகதேகியின் சதையி உடனே சற்றுக் கூடுதலான இன்சுலினை அனுப்பி அந்த ஏற்றத்தை அமர்த்திவிடும். சீனி வருத்தமுள்ளவரின் சதையிக்கு அவ்வளவு வலிமையில்லை. ஆகவே, பாங்கொலி கேட்கும் நேரத்தில், அடுப்படியில் எவரும் நடமாடாத நேரத்தில், ஈரல் தன் பாட்டிற்குச் சீனி வடித்துக்கொண்டிருக்கிறது. தொதல் தட்டு பாவம், அதன் மேல் பழி.

இனி, சுரப்பியின் பருமனைப் பற்றிச் சிறிது பேசலாம். 1936ஆம் ஆண்டு இவ்விடயத்தில் மறக்கவொண்ணாத ஆண்டாகும். கனடாவின் மொன்றியல் நகரில் ஹான்ஸ் செலி என்பவர் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் ஓயாத உழைப்பிலும் வருத்திப் பார்த்தார். துன்பம் எதுவாயினும் விளைவு ஒன்றாகவே இருந்தது. அவற்றுள் ஒன்று, அதிரீனல் சுரப்பிகள் பருத்துப்போனமை. ஓயாமல் வேலை வாங்கப்படும் கை தடிப்பது போன்றது அது. அதே ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லோங், லூக்கன்ஸ் என்னும் இருவர், சதையி அகற்றப்பட்டுக் கடும் நீரிழிவுற்ற பூனைகளின் அதிரீனல் சுரப்பிகளையும் அகற்றினர். நோய் முற்றும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் சீனி தணிந்தது. பூனைகளும் கூடுதலான நாட்கள் உயிர்வாழ்ந்தன. நீரிழிவு சதையியின் குறை மட்டுமன்று, மறுபுறம் இழுப்பவரும் உளர் என்பது அன்று புலனாயிற்று.

மனிதரின் வயிற்றைக் கிழியாமலே உள்ளே அளந்து பார்க்கும் ஸ்கேன் கருவிகள் வந்த பின்னர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடத்தில் இச்சுரப்பிகள் சராசரியாகச் சற்றுப் பருத்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். வயிற்றினுள் கொழுப்பு மிகுந்தவர்களிடமும் அவ்வாறே. இங்கே 'சராசரி' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பலரை அளந்து பார்த்தால்தான் தெரியும் நுண்ணிய வேறுபாடு இது; ஒருவரின் சுரப்பியை மட்டும் அளந்து அவருக்கு நீரிழிவு உண்டா இல்லையா என்று கூற முடியாது. சுரப்பி பருத்ததால் சீனி ஏறியதா, சீனியும் கொழுப்பும் ஏறியதால் சுரப்பி பருத்ததா என்பதும் தீராத வாதம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக் கூடும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கவலைதான் இதற்கெல்லாம் காரணம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. அந்தக் கவலையைச் சுமந்தவர்களின் சுரப்பிகள் செலியின் எலிகளுக்கு நேர்ந்தது போல் பருத்திருக்குமென எவரும் ஊகிப்பர். அதே அலை மோதிய இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் 14 ஆண்டுகள் கழித்துப் பெண்களின் தலைமயிரில் படிந்திருந்த கோட்டிசோலை அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். அலையை நேரில் கண்ட ஊர்களின் பெண்களிடம் அது கூடியிருக்கவில்லை, குறைந்திருந்தது. 2023இல் வெளியான அவ்வாய்வு, நெடுங்காலம் இழுபட்ட ஒழுங்கு இறுதியில் களைத்துவிடுகிறது என விளக்கம் தருகிறது. ஆதலால், 'கவலை கூடினால் சீனி கூடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை.

சுரப்பி பருத்தல் ஒருபுறமிருக்க, அது சிறுத்துப்போயும் சீனி ஏறும் வழி ஒன்றுண்டு. நம் வாசகர்கள் பெரிதும் அஞ்ச வேண்டியது இதற்கே. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் தரப்படும் பிரெட்னிசலோன், டெக்சாமெதசோன் முதலிய ஸ்டெரொயிட் குளிசைகள் கோட்டிசோலின் உறவினர்களே. தகுந்த வைத்தியர், தகுந்த நோய்க்கு, அளவறிந்து கொடுக்கும்போது அவை உயிர்காக்கும் மருந்துகள். பெயர் எழுதப்படாத கடதாசி உறையில், "வலி உடனே போகும்" என்ற வாக்குறுதியுடன் மட்டும் வருமாயின் கதை வேறு. வலி உடனே போவதும் மெய்தான். பின்னர் முகம் உருண்டு, வயிறு பெருத்து, தொடைகள் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். சீனி எக்குளிசைக்கும் அடங்காது. வெளியிலிருந்து தாராளமாக வருவதால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திக்கொள்ள, அதிரீனல் சுரப்பிகள் வேலையற்று வாடிச் சிறுத்துவிடும். இந்நிலையில், பயந்துபோய்க் குளிசையைத் திடீரென நிறுத்துவது அதனினும் ஆபத்து. உடலில் சொந்த இருப்பு இல்லாமையால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே கேடு நேரலாம். வைத்தியரின் கண்காணிப்பில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இலங்கையில் 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்றில் வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இத்தனை பேரின் சுரப்பிகளையும் ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்போம். வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போதே நூற்றில் நான்கைந்து பேருக்கு இச்சுரப்பியில் சிறு கட்டி தென்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. வீணே நித்திரையைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சமாகும்.

எனினும், பல மருந்துகள் உட்கொண்டும் சீனி இறங்காதவர்களின் நிலை வேறு. இத்தகையோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அமெரிக்காவில் பரிசோதித்தபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கோட்டிசோல் அளவுமீறியிருந்ததாக 2025இல் முடிவு வெளியாயிற்று. கோட்டிசோலுக்கு எதிர்மருந்து விற்கும் நிறுவனமே அவ்வாய்வுக்குப் பணம் கொடுத்ததாதலால், அந்த எண்ணிக்கையைச் சற்று அவதானத்துடனேயே நாம் ஏற்கிறோம். பரிசோதனை முறையோ எளியது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் குளிசை ஒன்று; மறுநாட் காலை 8 மணிக்கு இரத்தம். நல்ல சுரப்பியாயின் அந்த ஒரு குளிசைக்கு அடங்கி வாய்மூடியிருக்கும். அடங்காத சுரப்பி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இது எவருக்கு வேண்டும் என்று தீர்மானிப்பவர் வைத்தியரே.

மூத்தம்மாவின் வழக்குக்குத் திரும்புவோம். தலையணைக்கடியில் முழங்கால் வலிக்கென அவர் பத்திரப்படுத்தியிருக்கும் கடதாசி உறை ஒன்று உண்டு. மகளும் அதனைப் பார்த்திருக்கிறாள். மருந்துதானே என்று விட்டுவிட்டாள். அடுத்த கிளினிக் நாளில் அந்த உறையையும் கொப்பிக்குள் வைத்து எடுத்துச் சென்று, கூச்சமின்றி வைத்தியரின் மேசைமேல் வைத்துவிடச் சொல்லுங்கள்.